அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு

மார்ச் மாதம் அனார்குலுக்கு அறுபது வயது நிறைந்தது. விருந்துக்கு உறவு முழுவதும் திரண்டிருந்தது. பெரிய செம்மறியாக ஒன்றை அடித்திருந்தார்கள். ஆளாளுக்கு எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்கள். கடைசியாக எழுந்தவன் அனார்குலின் மருமகன். வாய் சும்மா இருக்காத ஆள்.

"இத்தன வருஷமா பெரியத்தை மட்டும்தான் மாரத்தான் ஓடுனாங்க, இந்த வருஷம் அத்தையும் ஓடப்போறாங்க. இனிமே ரெண்டு பேரும் அறுபதுக்கு மேல, ஒரே பிரிவு. மே மாசம் ஏரிக்கரைல யாரு கில்லாடின்னு தெரிஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியத்தை என்று அவன் சொன்ன புருல்சாவும் சிரித்தாள். ஆனால் கையில் எடுத்த ரொட்டித் துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

புருல்சாவும் அனார்குலும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் புருல்சா, தம்பியைக் கட்டியவள் அனார்குல். காரகோல் ஊரில் ஒரே தெருவில் முப்பத்தாறு வருடமாக இருக்கிறார்கள். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு எதிர்வீடு என்னுடையது. அதனால் ஓரளவு தெரியும். மீதியைப் புருல்சாவே பிற்பாடு என்னிடம் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல்.

புருல்சா வானிலை நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். காற்று எவ்வளவு, மழை எவ்வளவு, பனி எத்தனை விரற்கடை என்று தினமும் அளந்து எழுதுவது பிழைப்பு. ஓட ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், நாடித்துடிப்பு எவ்வளவு, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று நோட்டுப் போட்டு எழுதினாள். ஐம்பதாவது வயதில் முதல் மாரத்தான் ஓடினாள். அதற்கப்புறம் ஒரு வருடமும் விட்டதில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு மூன்று தடவையும் அவள் பிரிவில் அவள்தான் முதல். போன வருடம் அந்தப் பிரிவில் ஓடியவர்கள் மொத்தமே நாலு பேர் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

அனார்குலை ஓட அழைத்து வந்ததும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரிக்குப் போகும் சாலையில் நாய்த்தொல்லை அதிகமானது. தனியாக ஓடப் பயந்துபோய், "கூட வாடி, உனக்கும் ரத்த அழுத்தம் குறையும்" என்று ஆசை காட்டி இழுத்து வந்தாள். நாய் என்றால் அனார்குலுக்குப் பயம் கிடையாது. குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை காட்டினாலே அவை ஓடிவிடும். முதல் மாதம் முழுவதும் மகனுடைய பழைய காலணியைப் போட்டுக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள். ஆறாவது மாதம் பக்கத்தில் வந்தாள். பக்கத்தில் வந்தபின் பேச்சு. சந்தையில் யார் யாரை ஏமாற்றினார்கள், யார் மகள் யாரோடு போனாள் என்று பத்துக் கிலோமீட்டருக்கும் வாய் மூடாது. புருல்சாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. "ம்" கொட்டுவாள்.

அனார்குல் சந்தையில் அஷ்லான்-ஃபூ கடை வைத்திருக்கிறாள். மிளகாயும் காடியும் ஊற்றிய குளிர்ந்த நூடுல்ஸ். விடிந்ததிலிருந்து மதியம்வரை நின்றபடியே வேலை. இருபத்தைந்து வருடம் நின்று நின்று அந்தக் கால்கள் தேக்குக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. அவள் ஒரு நாளும் நோட்டுப் போட்டதில்லை. கடிகாரம் கட்டியதில்லை. ஓடுவதற்கு முன்னால் வெண்ணெய் தடவிய ரொட்டியை வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவாள். அதைப் பார்த்தாலே புருல்சாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மே மாதத் தொடக்கத்தில் முப்பது கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம் ஒன்று ஓடினார்கள். மாரத்தானுக்கு மூன்று வாரம் இருந்தது. இருபதாவது கிலோமீட்டர்வரை சேர்ந்தே போனார்கள். அதன் பிறகு அனார்குலின் முதுகு மெல்ல விலகிக்கொண்டே போனது. அவள் வேகத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. பேச்சு சுவாரசியத்தில் தன்னையறியாமல் போய்விட்டவள் போலத்தான் இருந்தது. யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்தால், சாலையோரமாகக் குதிரையில் போன ஒரு கிழவரோடு பேசிக்கொண்டே ஓடினாள். கிழவர் குதிரையைச் சற்று முடுக்க வேண்டியிருந்தது.

வாதுமை மரங்கள் பூத்து நிற்கும் அந்த வளைவுக்குப் புருல்சா வந்து சேர்ந்தபோது, அனார்குல் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தாள். அரைக் கிலோமீட்டராவது திரும்பி வந்திருப்பாள்.

"லேஸ் அவுந்துபோச்சு அக்கா. கட்டிக்கிட்டு நின்னேன்" என்றாள்.

புருல்சா கீழே பார்த்தாள். இரண்டு லேஸும் காலையில் போட்ட இரட்டை முடிச்சோடு, சேறு காய்ந்து, அப்படியே இருந்தன.

தோற்றது பெரிதில்லை என்று புருல்சா என்னிடம் சொன்னாள். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாளாம். தன்மேல் இரக்கப்பட்டு அவள் சொன்ன அந்தச் சின்னப் பொய்தான் இரவும் பகலும் அரித்தது. வீட்டுக்கு வந்து நோட்டில் தூரத்தை எழுதினாள். நேரத்துக்கான கட்டத்தை எழுதாமல் விட்டாள். பதின்மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண், மாரத்தான் பற்றி எழுத வேண்டுமென்று புருல்சா வீட்டுக்கு வந்தாள். புருல்சா பதக்கங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். நோட்டுகளைக் காட்டினாள். நாடித்துடிப்பைப் பற்றி விளக்கினாள். அந்தப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு பாத்திரம் நிறைய நூடுல்ஸோடு அனார்குல் உள்ளே நுழைந்தாள். விருந்தாளி வந்திருப்பது தெரிந்து கொண்டுவந்தாளாம். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவள் பேச்சும் அந்தப் பெண்ணின் சிரிப்பும்தான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. புருல்சாவின் கணவர் துர்துபெக் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். கரண்டியும் கையுமாக அனார்குலின் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும் அவர் குரல் தணிந்தது. "இவருடைய ஓரகத்தி புருல்சாவும் ஓடுபவர்தான்" என்று அங்கே ஒரே ஒரு வரி இருந்தது.

"'தான்'னு வேற போட்டிருக்காளா?" என்று கேட்டாள் புருல்சா.

துர்துபெக் பத்திரிகையை மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் புருல்சா நொண்டத் தொடங்கினாள். இடது முட்டியில் வலி என்றாள். இந்த வருடம் ஓடப்போவதில்லை என்று கணவரிடம் அறிவித்தாள். அவர் அவள் நடையை இரண்டு நாள் கவனித்தார். "நேத்து வலது காலத்தானே நொண்டுன?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

செய்தி தெரிந்து அன்று மாலையே அனார்குல் ஓடிவந்தாள். செம்மறியின் வால்கொழுப்பை உருக்கி ஒரு போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். புருல்சா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடிமேல் இழுத்துவைத்து, சூடு பறக்கத் தேய்த்தாள். அந்தக் கைகள் மாவு பிசைந்து பழகியவை. நல்ல முட்டிக்கே வலி வந்துவிடும் போலிருந்தது. கம்பளித் துணியால் இறுகக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு அக்கா ஓடணும்? நானும் போகல. அடுத்த வருஷம் ரெண்டு பேருமாப் போவோம்."

அந்த இடத்தில் புருல்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'சீ, நீ போய் ஓடு' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. முட்டியில் கட்டியிருந்த துணியைத் தடவிப் பார்த்தாள். அனார்குல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, போத்தலை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று புருல்சா நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த மூன்று நாளும் அப்படியே. பசித்துச் சாப்பிட்டாள். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். துர்துபெக் மட்டும் ஒரு நாள் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடி, "அண்ணன் தம்பி ஒத்துமையா இருந்தா குதிர பெருகும், ஓரகத்திங்க ஒத்துமையா இருந்தா சாப்பாடு பெருகும்னு சும்மாவா சொன்னாங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். புருல்சா கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தாள். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போகலாம் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

ஆனால் பதின்மூன்று வருடம் ஓடிய கால் சும்மா கிடக்குமா? ஐந்தாம் நாள் விடிந்ததும் உடம்பு பரபரத்தது. ஏரிச் சாலையில் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் மலைப்பக்கம் அக்-சூ போகும் சாலையைப் பிடித்தாள். குளிர் இதமாக இருந்தது. ஆறு உருகிய பனியோடு இரைந்துகொண்டு இறங்கியது. மனசில் பாரமில்லாத ஓட்டம், பல மாதங்களுக்கு அப்புறம். பின்னால் வந்த ஒரு வேன் அவளைக் கடந்து போனது. கடைசி இருக்கையில், மடியில் காலி முட்டை அட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு அனார்குல் உட்கார்ந்திருந்தாள். வேன் திருப்பத்தில் மறையும்வரை அவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். கையசைக்கவில்லை.

இரண்டு நாள் அனார்குல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் புருல்சா தாங்கமாட்டாமல் சந்தைக்குப் போனாள். கடையில் கூட்டம். காலியாயிருந்த ஒரு மூலைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அனார்குல் வந்து மேசையைத் துடைத்தாள். "என்னங்க வேணும்? ஒரு கிண்ணமா, ரெண்டாங்க?"

முப்பத்தாறு வருடத்தில் அவள் புருல்சாவிடம் 'ங்க' போட்டதில்லை. அக்கா, நீ, வா, போ என்றுதான் பேச்சு.

"அனார், என் முட்டில ஒண்ணுமில்ல."

"தெரியுங்க. பாத்தேன். நல்லாத்தான் ஓடுனீங்க."

"இந்த 'ங்க'வ விடுடி."

அனார்குல் கிண்ணத்தில் நூடுல்ஸை வைத்துச் சாற்றை ஊற்றினாள். மிளகாய் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நீ என்ன முந்திருவ" என்றாள் புருல்சா. "எனக்கு அது பொறுக்கல. அதான் முட்டின்னேன்."

"நான் முந்துறது உனக்குப் பொறுக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? அது போகட்டும். நானும் போகலன்னு சொன்னப்ப, வாயத் தொறந்து 'நீ போடி'ன்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். சொல்லவே இல்லையே நீ."

"சந்தோஷமா இருந்துச்சு. அதனால சொல்லல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் மெல்வதை நிறுத்திவிட்டார். அனார்குல் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

"முட்டிக்குன்னா கொழுப்பத் தடவலாம். இதுக்கு நான் என்னத்தத் தடவ?" என்றாள் அனார்குல். மேசை துடைத்த துணியைப் பிழிந்தாள். "நான் இந்தக் கடையப் போட்ட புதுசுல, நீ வெள்ளக் கோட்டப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போவ. மாமியா ஊரெல்லாம் உன்னப் பத்தித்தான் பேசுவா. நான் வெங்காய நாத்தத்தோட வீட்டுக்கு வருவேன். எனக்கும்தான் எரிஞ்சுது. அதுக்காக உன்ன ஆபீஸ் போக வேணாம்னு சொன்னேனா?"

புருல்சா தலைகுனிந்து நூடுல்ஸைத் தின்றாள். காரம் கண்ணில் நீராக வந்தது. காரம்தான் என்று என்னிடம் அழுத்திச் சொன்னாள்.

"நான் ஓடப்போறேன்" என்றாள் அனார்குல். "நீ வந்தா வா, வராட்டிப் போ. ஆனா ஒண்ணு. உனக்காக நிக்கமாட்டேன். லேஸும் கட்டமாட்டேன்."

அதற்குப் பிறகும் புருல்சா முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் தினமும் ஒரு எண்ணம். ஓடி இரண்டாவதாக வந்து, மேடையில் அவளுக்குக் கீழே நிற்பதா? ஓடாமல் வீட்டில் இருந்தால் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டாம். ஆனால் பார்க்காததை மனசு சும்மா விடாது. அனார்குல் சிரித்துக்கொண்டே எல்லையைத் தாண்டுவதாக நூறு விதமாகக் காட்டிக்கொண்டே இருக்கும். அத்தோடு, இனி நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு விருந்திலும் அந்த ஓட்டத்தைப் பற்றி அனார்குல் வாயால் கேட்க வேண்டியிருக்கும். தான் அங்கே இல்லாததால் ஒரு திருத்தம்கூடச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மாலை துர்துபெக் தூண்டிலைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு மீன் பிடிக்கப் போகலாமா, இல்லை வண்டி ஓட்ட வேண்டுமா என்று கேட்டார். புருல்சா ஓட்டக் காலணியை எடுத்து வாசலில் வைத்தாள். அவர் தூண்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஓட்டத்தன்று காலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. இரண்டு ஓரகத்திகளும் தலையசைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். துப்பாக்கி வெடித்ததும் அனார்குல் போனாள். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலைத்துண்டின் சிவப்பு முதல் பத்துக் கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் காணவில்லை. புருல்சா கடிகாரத்தைப் பார்த்து, தனக்கென்று கணக்கிட்டிருந்த வேகத்தில் போனாள். ஆனால் உள்ளே ஒரே பிரார்த்தனை. முதல் மாரத்தான் ஓடுகிறவள், இவ்வளவு வேகமாகப் போகிறாள், வெண்ணெயும் ரொட்டியும் வேறு. முப்பதுக்குமேல் உடம்பு கைவிடும், விட வேண்டும். பதின்மூன்று மாரத்தான் ஓடியதில் தன் மனசில் இப்படியொரு வேண்டுதல் வந்ததில்லை என்றாள்.

முப்பத்துநாலாவது கிலோமீட்டரில் வேண்டுதல் பலித்தது. சாலையோரப் பாப்லார் மரத்தடியில் அனார்குல் உட்கார்ந்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வலியில் முகம் கோணியிருந்தது. நிமிர்ந்து புருல்சாவைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

"உப்புத்தண்ணி குடி" என்றாள் புருல்சா. நிற்கவில்லை.

தாண்டிப் போன பிறகு அவளுக்குள் பொங்கிய சந்தோஷத்தை அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. கால் தரையில் படவே இல்லையாம். பிள்ளை பெற்றபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லையாம். கூடவே, திரும்பிப் போய் அந்தக் காலை ஒரு தடவை இழுத்துவிடலாமே என்றும் தோன்றியது. அவளுக்குத் தெரியும், பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினால் ஒரு நிமிடத்தில் விட்டுவிடும். அந்த எண்ணம் ஒவ்வொரு கிலோமீட்டர்க் கல்லிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் கூட்டினாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு.

நாற்பதாவது கல்லைத் தாண்டியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்தக் காலடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் பக்கத்தில் கேட்டது. அனார்குல் கொஞ்சம் நொண்டியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் வந்தாள். பேசாமல் ஓடும் அனார்குலைப் புருல்சா அன்றுதான் பார்த்தாள். இருவரும் நூறு மீட்டர்போலத் தோளோடு தோளாக ஓடினார்கள். புருல்சா தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். போதவில்லை. சிவப்புத் துண்டு ஒரு அடி முன்னால் போனது, இரண்டு அடி, பிறகு பத்து.

அனார்குல் நாலு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தாள். புருல்சாவுக்கு ஒன்றரை நிமிடம் கூடுதல். ஏழு வருடத்தில் அவள் ஓடிய மிக நல்ல ஓட்டம் அது. அவளை அப்படி ஓட வைத்தது யார் என்பதும் தெரிந்திருந்தது. ஆனாலும் பலகையில் இரண்டாவதாகத் தன் பெயரைப் பார்த்தபோது வயிறு பழையபடியே எரிந்தது. குறையவே இல்லை என்றாள். நானும் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

பதக்கம் போட மரமேடை கட்டியிருந்தார்கள். ஏறும்போது உற்சாகத்தில் அனார்குலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதக்கம் வாங்கி, படம் எடுத்து, எல்லோரும் கை தட்டி முடித்த பிறகு இறங்க வேண்டியிருந்தது. நாலே நாலு படி. முதல் படியில் காலை வைத்தாள், தொடை இரண்டும் நடுங்கின. காலை மேலே இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தாள். பின்னால், மூன்றாவதாக வந்த, தலைநகர் பிஷ்கெக்கைச் சேர்ந்தவள் காத்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் அடுத்த பிரிவின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அனார்குல் கைப்பிடிக் கம்பைக் கட்டிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, அந்தப் படியோடு மல்லுக்கட்டினாள்.

புருல்சா அவளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவசரப்படவில்லை. ஏரியைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், மறுபடி அனார்குலைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"திரும்பி நில்லு. பின்பக்கமா எறங்கு. மொதத் தடவ ஓடுனா அப்படித்தான் எறங்க முடியும்."

அனார்குல் திரும்பினாள். கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை ஏணியிலிருந்து இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே நின்று மூச்சு விட்டாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"கொஞ்ச நேரம் பாக்கணும்னு தோணுச்சு" என்றாள் புருல்சா.